பதிலாளி ரெண்டை அமுக்குகிறார்

பதிலாளி என்றொரு இனம் நம்மிடையே உலவுகிறது. முதலாளியைப் பற்றியும் தொழிலாளியைப் பற்றியும் மேடை போட்டுப் பேசித் தீர்த்துவிட்டோம். நோயாளிக்கு ஆஸ்பத்திரி கட்டினோம். பதிலாளியை மட்டும் யாரும் கண்டுகொள்ளவில்லை. அதற்காக அவருக்கு வருத்தம் உண்டா என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுப் பாருங்கள். "சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்லை" என்று இவரே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார்.

அடையாளம் காண்பது சுலபம். கேள்வி ஓர் ஆளிடம் போகும். பதில் வேறோர் ஆளிடமிருந்து வரும். அந்த வேறோர் ஆள்தான் இவர். டாக்டர் முன்னால் நோயாளி நாக்கை நீட்டிக்கொண்டிருக்கும்போது "நேத்துலேர்ந்து சாப்பாடே இறங்கலை டாக்டர்" என்பார். ஜவுளிக்கடையில், புடவையைக் கட்டிக்கொள்ளப் போகிறவள் விரல் நீட்டுவதற்குள் "அவளுக்குப் பச்சை பிடிக்காதுப்பா, மடிச்சு வை" என்பார். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன இடத்தில் தலைமையாசிரியை குனிந்து, குழந்தையின் கன்னத்தைத் தட்டி, "பாப்பா பேரென்ன?" என்று கேட்டால், மீசை வைத்த பாப்பா ஒன்று பின்னாலிருந்து பதில் சொல்லும். கெட்ட எண்ணம் உண்டா? துளியும் கிடையாது. எல்லாம் அன்புதான். அன்பு கொஞ்சம் சத்தமாக இருக்கிறது, அவ்வளவே.

இந்த இனத்தின் முதல்தர மாதிரி ஒன்று இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷம் ஆந்திர எல்லையை ஒட்டிய ஆரம்பாக்கத்தில் இருந்தது. பெயர் தணிகாசலம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் காண்டிராக்ட் மேஸ்திரி. அவருக்குக் கீழே ஒரு கூட்டம் ஆட்கள். தினமும் காலையில் பாதுகாப்பு அதிகாரி, தலையில் மஞ்சள் தொப்பியோடு வந்து, ஆட்களை வரிசையாக நிற்க வைத்து, "யாருக்காவது உடம்பு முடியலையா? கை கால் காயம் உண்டா? ஏதாவது பிராப்ளம்?" என்று கேட்பார். கேள்வி ஆட்களுக்கு. பதில் தணிகாசலத்திடமிருந்து.

"நோ பிராப்ளம் சார்!"

பின்வரிசையில் ஒருவன் சூடுபட்ட கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டிருப்பான். அவனும் தலையாட்டுவான். பிராப்ளம் என்று வாய் திறந்தவனுக்கு மறுநாள் ஆலை கேட்டில் அனுமதி கிடைக்காது என்பது மேஸ்திரிக்குத் தெரியும். அவர்களுடைய பிழைப்பைக் காப்பாற்றத்தான் அவர்களுக்கு முன்னால் முந்திக்கொண்டு பதில் சொன்னார். இதைக் குற்றம் என்று சொல்ல நமக்கு மனசு வரவில்லை. ஆனால் அந்தப் பழக்கம் ஆலையிலேயே தங்காமல், சாயங்காலம் அவரோடு ரயிலேறி, ஆரம்பாக்கத்தில் இறங்கி, வீட்டுக்குள்ளும் வந்து செருப்பைக் கழற்றியது.

வீட்டில் இருந்தது அவர் மனைவி காயத்ரி மட்டுந்தான். கல்யாணமாகி வெகு வருஷம் கழித்து, கோயில் குளம் என்று அலைந்து ஓய்ந்த பிறகு, அவள் உண்டாகியிருந்தாள். தணிகாசலத்துக்குத் தலைகால் புரியவில்லை. துணை சுகாதார நிலையத்தில் பெயர் பதிய அவளைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார். அங்கே இருந்தவர் நர்சு ஆரோக்கியமேரி. சுற்றுவட்டாரத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு முதல் ஊசி போட்ட கை அவருடையது.

"உன் பேரு இன்னாம்மா?" என்று காயத்ரியைப் பார்த்துக் கேட்டார்.

"காயத்ரி" என்றார் தணிகாசலம்.

"வயசு?"

"இருபத்தேழு" என்றார் தணிகாசலம்.

"கடைசியா எப்பம்மா தலைக்கு ஊத்திக்கின?"

இந்த இடத்தில் எந்த ஆண்பிள்ளையும் சுவரில் மாட்டியிருக்கும் போலியோ படத்தைப் பார்ப்பான். பதிலாளி பார்க்கமாட்டார்.

"அது வந்து நர்சம்மா, ஃபர்னஸ் ரிப்பேருன்னு கம்பெனி மூடிக் கெடந்திச்சி பாரு, அந்த வாரம்."

பெஞ்சியில் உட்கார்ந்திருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஆரோக்கியமேரி பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார்.

"மேஸ்திரி, மாசமா இருக்கிறது அவளா, நீயா?"

"ரெண்டு பேரும்தான்னு வெச்சிக்கோயேன்."

"நீ வெளிய போய் நில்லு."

அவர் வெளியே போனதும் காயத்ரி சரியான தேதியைச் சொன்னாள். அது ஃபர்னஸ் ரிப்பேர் வாரம் இல்லை. ஆனால் அடுத்த கேள்வி போன் நம்பர்; அதற்கு அவரை மறுபடி உள்ளே கூப்பிட வேண்டியதாயிற்று. அந்த வருஷம் கர்ப்பிணிப் பெண்களுக்கு வாரா வாரம் செல்போனில் பேசும் திட்டம் ஒன்று அந்தப் பக்கத்தில் சோதனைக்கு வந்திருந்தது. பதிவு செய்யப்பட்ட குரல் ஒன்று கூப்பிட்டு, அந்த வாரம் தாய் என்ன சாப்பிட வேண்டும், எப்படிப் படுக்க வேண்டும் என்று சொல்லும். கடைசியில் உடம்பில் தொந்தரவு உண்டா என்று கேட்கும். உண்டென்றால் ஒன்றை அமுக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டு. ஒன்றை அமுக்கினால் ஆரோக்கியமேரியின் போனுக்குத் தகவல் போய், அவர் உடனே கூப்பிடுவார். நல்ல திட்டம். ஒரே ஒரு விஷயத்தைத்தான் யோசிக்காமல் விட்டுவிட்டார்கள்: கர்ப்பம் ஒருவரிடமும் போன் இன்னொருவரிடமும் இருந்தால் என்ன செய்வது?

தணிகாசலத்தின் போன் ஒரு சைனா செட். காதுகுத்துக்குப் போட்ட ஒலிபெருக்கி மாதிரி சத்தம் போடும். அது அவர் சட்டைப் பையில் குடியிருந்தது. காயத்ரி தொட்டால் அவருக்குப் பதறும். அதற்குக் காரணமும் வைத்திருந்தார். வாசலில் நின்றால் தமிழ்நாட்டு டவர் கிடைக்கும். கொல்லைப்பக்கம் போனால் ஆந்திரா டவர் வந்து தொற்றிக்கொள்ளும், ரோமிங் என்று காசு போய்விடும்.

"இதுல நெறைய நுணுக்கம் கீது காயத்ரி. உனுக்குப் புரியாது."

அவளுக்குப் புரியுமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் அவர்தான் பதில் சொல்லியிருப்பார்.

முதல் அழைப்பு ஒரு புதன்கிழமை சாயங்காலம் வந்தது. "வணக்கம் அம்மா!" என்றது ஒரு பெண் குரல். தணிகாசலம் எழுந்து நின்று, "வணக்கம் மேடம்" என்றார். குரல் இரும்புச்சத்து மாத்திரையைப் பற்றிச் சொன்னது. முருங்கைக்கீரையைப் பற்றிச் சொன்னது. அவர் ஒவ்வொன்றுக்கும் "சரிங்க மேடம்" போட்டார். கடைசியில் குரல் கேட்டது: "அம்மா, உங்களுக்குக் கடுமையான தலைவலி, கண் மங்கல், கை கால் முகத்தில் வீக்கம் ஏதேனும் உண்டா? ஆம் என்றால் ஒன்றை அழுத்தவும். இல்லை என்றால் இரண்டை அழுத்தவும்."

தணிகாசலம் யோசித்தார். தலையைத் தொட்டுப் பார்த்தார்; வலி இல்லை. கீழே குனிந்து காலைப் பார்த்தார், வழக்கம்போல இருந்தது. உள்ளே அடுப்படியில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. ஆகவே அவளும் நன்றாகத்தான் இருக்கிறாள். மஞ்சள் தொப்பி எதிரில் நிற்பதுபோல நிமிர்ந்து, "நோ பிராப்ளம் மேடம்" என்று சொல்லி, ரெண்டை அமுக்கினார்.

"நன்றி அம்மா. உங்கள் பதில் மகிழ்ச்சி அளிக்கிறது" என்றது குரல். தணிகாசலத்துக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

காயத்ரி கையைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள். "இன்னா மாமா சொன்னாங்க?"

"எல்லாம் நல்லா கீதுன்னு சொன்னாங்க."

கவனித்தீர்களா? எல்லாம் நல்லா இருக்கிறது என்று போனிடம் சொன்னவர் இவர். எல்லாம் நல்லா இருக்கிறது என்று போன் சொன்னதாகச் சொன்னவரும் இவர். இந்தச் சாமர்த்தியம் சாதாரண மனிதருக்கு வராது.

மறுநாள் காலை, ஸ்டேஷனுக்கு வெளியே கமால் பாயின் டீக்கடையில், மேஸ்திரி கர்ப்பம் தாங்க ஆரம்பித்தார். வாரம் தவறாமல் அங்கே செய்தி வாசிக்கப்பட்டது.

"பாய், இந்த வாரத்துலேர்ந்து புள்ளைக்குக் காது கேக்கும். இனிமே ஊட்ல கெட்ட வார்த்தை பேசக் கூடாது."

"யாரு சொன்னா?"

"எனுக்குத்தான் போன் வருதே. இடது பக்கமா ஒருக்களிச்சிப் படுக்கணும் பாய். மல்லாந்து படுத்தா ரத்த ஓட்டம் கெட்டுப் பூடும்."

"மேஸ்திரிக்கு இப்ப எத்தினி மாசம்?" என்று பெஞ்சியிலிருந்து ஒரு குரல் கேட்கும். "ஏழு" என்று வெட்கப்படாமல் சொல்வார். ரயிலில் இடம் கிடைத்தால் இடது பக்கமாகச் சாய்ந்துகொண்டுதான் தூங்கினார். கடையில் சொன்னார், ரயிலில் சொன்னார், ஆலையில் தன் ஆட்கள் அத்தனை பேருக்கும் சொன்னார். இத்தனை பேருக்குச் சொல்லி வாய் வலித்த பிறகு வீட்டுக்கு வந்தால், எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது என்ற நிறைவு அவருக்கு இருந்தது. வீட்டில் காயத்ரி மல்லாந்து படுத்திருந்தாள்.

ஒரு நாள் அவள் கொலுசு தட்டுமுட்டுச் சாமான் டப்பாவில் கிடந்தது.

"கொலுசு ஏன் கழட்டிட்ட?"

"இறுக்குது மாமா. காலு இப்டி கீது பாரு."

"ஒடம்பு பூசிக்கினு வருது. நல்லதுதானே? புள்ள வளருதில்ல?"

இன்னொரு நாள், "தலை இடிக்குது மாமா" என்றாள். "வெயிலு" என்றார். "கண்ணுல பூச்சி பறக்கிறாப்ல கீது" என்றாள். "லோ வோல்டேஜு" என்றார். பல்பை அண்ணாந்து பார்த்துத் திட்டவும் செய்தார். எதற்கும் அவரிடம் பதில் இல்லாமல் இல்லை.

இந்த இடத்தில் உங்களுக்குச் சிரிப்பு வந்திருக்கலாம். காயத்ரிக்கு வரவில்லை. அவள் பயந்துபோயிருந்தாள். இத்தனை வருஷம் காத்திருந்து வந்த பிள்ளை. அதற்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று தூக்கம் வராமல் கிடந்தாள். நர்சம்மாவிடம் போய்ச் சொல்லலாமே என்று கேட்பீர்கள். அவளும் நினைத்தாள். ஆனால் வாரா வாரம் மெட்ராஸிலிருந்து ஒரு படித்த அம்மாள் போன் செய்து, அவள் உடம்பில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்களே! அவ்வளவு பெரியவர்களே 'இல்லை' என்று சொல்லிவிட்ட தலைவலியை இவள் எந்த முகத்தோடு தூக்கிக்கொண்டு போவது? அந்தப் பக்கம் ஆரோக்கியமேரியோ, ஒன்று அமுக்கியவர்களின் வீடு வீடாக ஓடிக்கொண்டிருந்தார். விடாமல் ரெண்டாகவே வந்துகொண்டிருந்த காயத்ரியை நினைத்து, ஒருத்தியாவது நிம்மதியாக இருக்கிறாளே என்று சந்தோஷப்பட்டார். ஒரு தவறும் செய்யாமல் மூன்று பேரும் சேர்ந்து ஒருத்தியை இந்த நிலைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அதில் சிக்கியிருந்தவளும் மூன்று பேரில் ஒருத்தி.

அப்போதெல்லாம் ஆலைகளுக்கு வாரத்தில் ஒரு நாள் மின்சாரம் கிடையாது. பவர் ஹாலிடே என்பார்கள். ஒரு புதன்கிழமை அப்படி வாய்த்தது. அத்திப்பட்டுப் பக்கம் அனல் மின்நிலையத்தின் புகைபோக்கி புகைந்துகொண்டுதான் இருந்தது. தணிகாசலத்தின் ஃபர்னஸ் மட்டும் படுத்துவிட்டது. மத்தியானம் அவர் குளித்துக்கொண்டிருந்தபோது ஆணியில் தொங்கிய சட்டைக்குள்ளிருந்து போன் அலறியது. எப்போதும் சாயங்காலம் வருவது அன்றைக்கு முன்கூட்டியே வந்துவிட்டது. காயத்ரி தயங்கித் தயங்கி எடுத்தாள்.

"வணக்கம் அம்மா!"

அவள் திரும்பிப் பார்த்தாள். வீட்டில் வேறு அம்மா யாரும் இல்லை. அந்தக் குரல் தன்னோடுதான் பேசுகிறது, இத்தனை வாரமும் தன்னோடுதான் பேசியிருக்கிறது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. குரல் தலைவலி என்றது. கண் மங்கல் என்றது. வீக்கம் என்றது. ஒவ்வொன்றாக அவள் உடம்பை அது சொல்லிக்கொண்டு வந்தது. ஆம் என்றால் ஒன்று. பொத்தான்களில் எழுத்து கலங்கலாகத் தெரிந்தது. மூலையில் இருக்கும் முதல் பொத்தானைக் கட்டைவிரலால் தடவிக் கண்டுபிடித்து அமுக்கினாள். போனைப் பழையபடி சட்டைக்குள் போட்டுவிட்டு, அவருக்குச் சோறு போடப் போனாள்.

தணிகாசலம் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து முதல் கவளத்தைப் பிசையும்போது போன் மறுபடி அலறியது. வலது கை சோற்றில் இருந்ததால் இடது கையால் ஸ்பீக்கரில் போட்டார்.

"மேஸ்திரி, ஆரோக்கியமேரி பேசுறேன். காயத்ரிக்கு இன்னா பண்ணுது? உன் நம்பர்லேர்ந்து ஒண்ணு வந்துகீது."

"ஒண்ணா? நா எப்பவும் ரெண்டாச்சே நர்சம்மா! கை பட்டிருக்கும். சைனா செட்டு, அப்டித்தான்."

"தலைவலி கீதா அவளுக்கு?"

"இல்ல."

"கண்ணு மங்குதா?"

"அதெல்லாம் சூப்பராத் தெரியுது."

"அவளைக் கேட்டியா?"

"இன்னாத்துக்குக் கேக்கணும்? இதோ எதிர்லதான் நிக்குறா. கொழம்பு ஊத்துறா. நல்லா ஜம்முனு..."

குழம்பு தட்டில் விழவில்லை. தட்டுக்குப் பக்கத்தில், வெறும் சிமெண்டுத் தரையில், நிதானமாக ஒரு கரண்டி விழுந்தது.

"ஏய்! தட்டுல ஊத்து."

"எந்தத் தட்டுல மாமா?"

"இன்னா எந்தத் தட்டு?"

"ரெண்டு கீதே" என்றாள் காயத்ரி.

தணிகாசலம் வாயைத் திறந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. அவர் அவளை அண்ணாந்து பார்த்தார். முகம் வீங்கியிருந்தது. இமை வீங்கியிருந்தது. இதெல்லாம் இன்றைக்கு வந்ததில்லை என்பது பார்த்த மாத்திரத்திலேயே தெரிந்தது. சைனா செட் எல்லாவற்றையும் கேட்டுவிட்டிருந்தது.

"மேஸ்திரி! சோத்தைத் தள்ளிட்டு மொதல்ல அவளைப் படுக்க வை. இடது பக்கமா. நூத்தியெட்டு வண்டிக்கு நான் சொல்றேன். நானும் வர்றேன்."

இடது பக்கம். ஊரில் அவர் சொல்லாத ஆள் இல்லை. பிசைந்த கையோடு மனைவியைப் பிடித்து இடது பக்கமாகப் படுக்க வைத்தார்.

வண்டியில் ஏறியதும் உள்ளே இருந்த உதவியாளர் காயத்ரியிடம், "வலி இருக்குதாம்மா?" என்று கேட்டார். "இல்ல சார்" என்று பழக்கதோஷத்தில் ஒரு குரல் வந்தது. ஆரோக்கியமேரி திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு பெரிய ஆஸ்பத்திரி வரும்வரை அந்தக் குரல் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா ரத்த அழுத்தம் எகிறிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, யாரையோ ஓடச் சொன்னார். ஒரு ஊசி ஏறியது. காயத்ரியின் கண் செருகிச் செருகித் திறந்தது. டாக்டரம்மா அவள் கன்னத்தைத் தட்டினார்.

"இங்கே பாரும்மா. உன் பேர் என்ன?"

அவள் கண் மறுபடி செருகியது.

"பேர் சொல்லும்மா. உன் பேர் என்ன?"

அந்தப் பதில் தணிகாசலத்துக்குத் தெரியும். நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அதை அவர் சொன்னால் ஒரு பிரயோசனமும் இல்லை என்று அந்த நிமிஷத்தில் அவருக்குப் புரிந்தது. உலகத்தில் ஒரே ஒரு வாயிலிருந்து அது வந்தாக வேண்டும். கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, அவர் நின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. சொல்லேன், சொல்லேன் என்று உள்ளுக்குள்ளே அவளைக் கெஞ்சினார். ஒருவர் பேசுவதற்காக இன்னொருவர் இவ்வளவு நேரம் காத்திருக்க முடியும் என்பதே அவருக்குப் புதுசு.

"காயத்ரி" என்றாள் காயத்ரி.

"தலைவலி எப்போ ஆரம்பிச்சது?"

அவள் யோசித்தாள். கண்ணை லேசாகத் திருப்பிக் கட்டில் கம்பியைப் பிடித்திருந்தவரைப் பார்த்தாள்.

"தெரியல டாக்டர். இவரு ரெண்டை அமுக்கிக்கினு இருந்தாரே, அப்பலேர்ந்து."

அன்று சாயங்காலமே பிள்ளையை எடுத்தார்கள். பெண் குழந்தை, குறைமாதம், உள்ளங்கையில் அடங்கும் அளவு. கண்ணாடிப் பெட்டிக்குள் கொஞ்ச நாள் இருந்துவிட்டு, தாயும் பிள்ளையுமாக ஆரம்பாக்கம் வந்து சேர்ந்தார்கள். சைனா செட் அதற்குப் பிறகு அடுப்படி அலமாரியில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் குடியேறியது. ஆந்திரா டவர் வரும்போது காயத்ரியே வாசலுக்கு எடுத்துக்கொண்டு போனாள். அப்படி ஒன்றும் நுணுக்கம் இல்லை.

சரி, மேஸ்திரி திருந்தினாரா? திருந்தினார். திருந்திய கையோடு கமால் பாய் கடையில் பிரசங்கமும் ஆரம்பித்துவிட்டார். "பொம்பளைங்களைக் கேக்கணும் பாய். வாயைத் தொறந்து கேக்கணும். நாமளா ஒண்ணும் சொல்லக் கூடாது." பெஞ்சியில் ரஷீத் என்றொருவன் உட்கார்ந்திருந்தான்; அவன் மனைவி சிஃபாவுக்கு அப்போது ஆறாம் மாதம். ரஷீதின் பையில் போன் அடித்தது. அதே குரல், அதே கேள்வி. "ஊட்ல போய்க் கேட்டுக்கினு வர்றேன் மேஸ்திரி" என்று ரஷீத் எழுந்தான்.

"கேக்கிறது இன்னா? தலைவலி கண்டிப்பா கீது. எனுக்குத் தெரியும். நீ ஒண்ணை அமுக்கு" என்றார் தணிகாசலம்.

இப்போது நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்பது தெரியும். 'நம்ம வீட்டில் இந்த மாதிரி யாரும் கிடையாது' என்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் கேள்வியை உங்களிடம் யாரும் கேட்கவில்லையே. கொஞ்சம் திரும்பி, உள்ளே இருப்பவரைக் கூப்பிட்டு, அவரைக் கேளுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். கேட்கும்போதே "நான் அப்படியெல்லாம் இல்லைதானே?" என்று கேட்டுவிட்டீர்களானால் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். ரெண்டை அமுக்கியாகிவிட்டது.